வாலிங்ஃபோர்டு என்ன மாதிரி ஊர்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் மகளுக்கு இங்கிலாந்தில் வாலிங்ஃபோர்டு என்ற ஊரில் நீரியல் ஆய்வு வேலை கிடைத்திருக்கிறது. தேம்ஸ் ஆற்றங்கரையில் சின்ன ஊர் என்கிறார்கள். தேடினால் அகதா கிறிஸ்டி அங்கே வாழ்ந்தார் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அது என்ன மாதிரி ஊர்? சொல்லும்படி ஏதாவது வரலாறு உண்டா?"

உண்டு. ஊரின் அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. நான் ரெடிங்கில் சில வருடங்கள் இருந்தேன். சனிக்கிழமை சும்மா இருந்தால் ஆக்ஸ்போர்டு பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் வாலிங்ஃபோர்டில் இறங்கிவிடுவேன். அப்படிப் போய்ப் போய் மனதுக்கு நெருக்கமாகிவிட்ட ஊர் அது. அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். ஆங்கில ஊர்ப் பெயர்களில் வரும் 'ஃபோர்டு' நம் மயிலாடுதுறையில் வரும் 'துறை' போன்றது. ஆழம் குறைவாகவும் தரை உறுதியாகவும் இருப்பதால் மனிதரும் மாடும் வண்டியும் இறங்கிக் கடக்க முடிகிற இடம். ஆக்ஸ்போர்டு என்றால் எருது கடக்கும் துறை. வாலிங்ஃபோர்டு என்றால் வேல்ஹ் என்பவருடைய ஆட்களின் துறை. லண்டனிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே வந்தால், ஒரு படையே நம்பி இறங்கக்கூடிய முதல் துறை இதுதான் என்று சொல்வார்கள். இந்த ஊருக்கு வந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விஷயமே காரணம். இங்கே ஆற்றைக் கடக்கலாம் என்பதால்தான் ஊர் எழுந்தது. அதனால்தான் அரசர்கள் இதற்காக அடித்துக்கொண்டார்கள். பிறகு வேறோர் இடத்தில் கடப்பது சுலபமானதும் ஊர் வாடிப்போனது. அப்படி வாடியதால்தான் பழைய ஊர் அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

9-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங்குகள் ஆறுகள் வழியாகவே உள்நாட்டுக்குள் புகுந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். 871-ல் அவர்கள் பாசறை போட்டது ரெடிங்கில், அதாவது இங்கிருந்து ஒரு நாள் நடை. வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட் அதற்குக் கண்ட வழி, நாடு முழுக்க அரண் சூழ்ந்த ஊர்களை ஏற்படுத்துவது. வாலிங்ஃபோர்டு அவற்றில் ஒன்று. ஒரு பக்கம் தேம்ஸ், மற்ற மூன்று பக்கமும் மண்மேடு, மேட்டுக்கு வெளியே அகழி. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நேரான தெருக்கள்.

அந்த அரண்களுக்கு ஆள் ஒதுக்கிய பட்டியல் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆல்ஃபிரட்டின் மகன் எட்வர்டு காலத்தில் எழுதப்பட்டது என்பார்கள். அதில் வாலிங்ஃபோர்டுக்கு 2,400 'ஹைடு' நிலம் ஒதுக்கியிருக்கிறது. ஹைடு என்பது ஒரு குடும்பம் பிழைக்கும் அளவு நிலம். ஒரு ஹைடுக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும். நாலு ஆள் சேர்ந்து ஒரு கோல், அதாவது சுமார் 5 மீட்டர் நீள அரணைக் காக்க வேண்டும். கணக்குப் போட்டால் 2,400 ஆட்களுக்கு 3 கிலோமீட்டர் அரண் வருகிறது. வெசெக்ஸின் முதன்மை நகரமான வின்செஸ்டருக்கும் அதே 2,400-தான். இன்று எட்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற இந்தச் சின்ன ஊரை அந்தக் காலத்தில் எந்த வரிசையில் வைத்திருந்தார்கள் என்பது இதிலேயே தெரியும்.

அந்த மண்மேடு இன்றும் இருக்கிறது. உங்கள் மகள் போனதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஊருக்கு மேற்கே கைன்கிராஃப்ட் என்று ஒரு புல்வெளி, பக்கத்தில் புல்கிராஃப்ட் என்று இன்னொன்று. இரண்டின் ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு மேலாகப் புல் மூடிய கரை ஒன்று நீளமாக ஓடுகிறது. முதல் தடவை பார்த்தபோது ஏரிக்கரை என்றுதான் நினைத்தேன். நடு நடுவே மரம் வளர்ந்திருக்கிறது, நாயோடு நடப்பவர்களால் உச்சியில் ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது, பிள்ளைகள் அட்டையைப் போட்டுச் சரிவில் சறுக்குகிறார்கள். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால் ஆட்கள் கூடைகூடையாகச் சுமந்து கொட்டிய மண் அது. கட்டணமோ வேலியோ கிடையாது, நேராக ஏறி நிற்கலாம்.

இந்த அரண் எப்போதும் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. 1006-ல் டேனியர் படை வந்து ஊரைக் கொளுத்தியது. அறுபது வருடம் கழித்து வந்த ஆபத்து வேறு மாதிரி. 1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸில் வென்ற நார்மண்டி வில்லியத்தால் லண்டன் பாலத்தைக் கடக்க முடியவில்லை. தென்கரையோடு மேற்கே சுற்றி வந்து இந்தத் துறையில்தான் ஆற்றைக் கடந்தார். ஊரின் பெருந்தலையாக இருந்த விகோட் எதிர்க்கவில்லை. கேன்டர்பரி பேராயர் ஸ்டிகண்ட் இங்கே வந்துதான் வில்லியத்துக்குப் பணிந்தார். பிறகு விகோட்டின் மகளை ராபர்ட் டோய்லி என்ற நார்மன் தளபதி மணந்துகொண்டு, அரணின் வடகிழக்கு மூலையில் கோட்டை எழுப்பினார். அதற்காக எட்டு வீடுகள் இடிக்கப்பட்டதை 1086-ல் எடுத்த அரச நிலக்கணக்குப் பதிவு செய்திருக்கிறது. வெற்றி பெற்றவர்களின் கணக்குப் புத்தகத்திலேயே அந்த எட்டு வீடு ஏறியிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மனதைத் தைக்கும்.

ஊர்க்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. நார்மன் ஆட்சியில் இரவு எட்டு மணிக்கு மணி அடித்தால் எல்லோரும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தனக்கு வழிவிட்டதற்கு நன்றியாக வாலிங்ஃபோர்டுக்கு மட்டும் வில்லியம் ஒரு மணி நேரம் சலுகை கொடுத்தார், அதனால் இங்கே ஒன்பதுக்குத்தான் மணி என்பார்கள். கதையை விடுங்கள், ஒன்பது மணிக்கு அடிக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது நிஜம்.

அடுத்து வருவதுதான் இந்த ஊரின் உச்சகட்டம். முதலாம் ஹென்றி இறந்த பிறகு அரியணைக்காக அவர் மகள் மெடில்டாவும், சகோதரி மகன் ஸ்டீஃபனும் மோதிக்கொண்டார்கள். நாடே இரண்டுபட்டு, பதினைந்து வருடத்துக்கு மேல் சண்டை. வாலிங்ஃபோர்டு கோட்டை அப்போது பிரையன் ஃபிட்ஸ்கவுண்ட் கையில் இருந்தது. அவர் மெடில்டா பக்கம். கடைசிவரை பக்கம் மாறாத ஆள். 1142 டிசம்பரில் மெடில்டா ஆக்ஸ்போர்டு கோட்டைக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்டார். சாப்பாடு தீர்ந்தது. பனி கொட்டிக் கிடந்த ஓர் இரவில் வெள்ளை உடை போர்த்திக்கொண்டு, இரண்டு மூன்று பேர் துணையோடு வெளியே நழுவி, உறைந்து கிடந்த தேம்ஸின் மேல் நடந்து தப்பினார். ஆபிங்டன் வரை நடை, அங்கிருந்து குதிரை. அவர் வந்து சேர்ந்த அடைக்கலம் வாலிங்ஃபோர்டு.

ஸ்டீஃபன் இந்தக் கோட்டையைத் திரும்பத் திரும்ப முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1153-ல் மெடில்டாவின் மகன் ஹென்றி படையோடு வந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சேனை, அந்தப் பக்கம் ஒரு சேனை. ஆனால் இரண்டு பக்கத்துப் பிரபுக்களும் போதும் என்று சண்டைக்கு மறுத்துவிட்டார்கள். ஸ்டீஃபனும் ஹென்றியும் ஆற்றின் இருகரையிலும் நின்று பேசிக்கொண்டார்கள் என்று அந்தக் கால வரலாறுகள் சொல்கின்றன. அந்தப் பேச்சிலிருந்து பிறந்த உடன்பாடு, அதே வருடம் நவம்பரில் வின்செஸ்டரில் உறுதியானது. ஸ்டீஃபன் உயிரோடு இருக்கும்வரை அரசர், அவருக்குப் பின் ஹென்றி. அடுத்த வருடமே ஸ்டீஃபன் இறந்தார், இரண்டாம் ஹென்றி ஆட்சிக்கு வந்தார்.

இரண்டாம் ஹென்றி இந்த ஊரை மறக்கவில்லை. 1155-ல் வாலிங்ஃபோர்டுக்கு ஓர் உரிமைச் சாசனம் கொடுத்தார். வணிகர்கள் தங்கள் சங்கத்தை நடத்திக்கொள்ளலாம், சந்தை கூட்டலாம், நாட்டில் எங்கே போனாலும் சுங்கம் கட்ட வேண்டாம் என்பது போன்ற உரிமைகள். ஊரில் இன்றும் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது. 1670-ல் கட்டிய நகர மன்றம் தூண்களின் மேல் நிற்கிறது, கீழே திறந்த மண்டபம், முன்னால் சந்தை. காய்கறி, சீஸ், பூச்செடி என்று சின்னச் சந்தைதான். ஆனாலும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கும்.

சரி, இவ்வளவு பெரிய ஊர் ஏன் சுருங்கியது? கோட்டை மட்டும் இன்னும் நெடுங்காலம் அரச குடும்பத்திடம் இருந்தது. இரண்டாம் ரிச்சர்டின் தாய் ஜோன் 1385-ல் அங்கேதான் இறந்தார். ஊர் அதற்கு முன்பே தளரத் தொடங்கிவிட்டது. 1349-ல் கொள்ளைநோய் நாட்டையே உலுக்கியது. அதற்குமேல் விழுந்த அடி 1416-ல் ஆபிங்டனில் தொடங்கிய பாலவேலை. லண்டனிலிருந்து மேற்கே குளோஸ்டருக்குப் போகும் வணிகம் அந்த வழிக்குத் திரும்பியது. பத்துக்கும் மேற்பட்ட கோவில்பற்றுகள், அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதிகள், இருந்த ஊரில் கடைசியில் நாலு மிஞ்சின. புறவழிச்சாலை போட்டதும் கடைத்தெரு காய்ந்துபோன ஊர்களை நாம் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான்.

ஆனால் இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். ஊர் பெருத்திருந்தால் அரணை வெட்டி வீடு கட்டியிருப்பார்கள். ஆல்ஃபிரட் போட்ட கோட்டுக்குள்ளேயே இடம் மிச்சம் கிடந்ததால் யாருக்கும் அந்த மேட்டில் கைவைக்கத் தேவை வரவில்லை. இன்றைக்கும் ஊரின் நடுக் குறுக்குத்தெருவில் நின்றால் நாலு திசைக்கும் தெரு நேராகப் போகிறது. அந்தக் காலத்துக் கட்டம் அப்படியே. செயின்ட் லெனார்ட்ஸ் தேவாலயத்தின் சுவரையும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 19-ம் நூற்றாண்டில் பெரிதாகத் திருத்தியிருக்கிறார்கள், ஆனாலும் பழைய பகுதி தெரியும். கல்லைப் படுக்க வைக்காமல் ஒரு வரிசையை இடப்பக்கம் சாய்த்து, அடுத்ததை வலப்பக்கம் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள், மீன்முள் மாதிரி.

இந்த ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. சுமார் 1292-ல் இங்கே ஒரு கொல்லருக்குப் பிறந்தவர் ரிச்சர்டு. பத்து வயதில் தந்தை போய்விட்டார். இன்று புல்கிராஃப்ட் புல்வெளியாக இருக்கும் இடத்தில் அப்போது ஒரு துறவியர் மடம் இருந்தது. அதன் தலைவர் பையனை எடுத்து வளர்த்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க அனுப்பினார். அவர் கணிதத்திலும் வானியலிலும் பெரிய ஆளாகி, 1327-ல் செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதியானார். அங்கே அவர் வடிவமைத்த கடிகாரம் மணியை மட்டும் காட்டவில்லை. சூரியன், சந்திரனின் போக்கையும் கிரகணத்தையும் காட்டியது. அதற்கான பல்சக்கரக் கணக்குகளை அவர் எழுதிய குறிப்புகளிலிருந்து இன்று பொறியாளர்கள் மாதிரி செய்து பார்க்கிறார்கள். தொழுநோயோடு போராடிக்கொண்டே இதையெல்லாம் செய்தார். 1336-ல் இறந்தார். கொல்லன் பட்டறையில் இரும்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளை சக்கரங்களைப் பற்றி யோசித்ததில் எனக்கு வியப்பில்லை.

கோட்டையின் முடிவு உள்நாட்டுப் போரில் வந்தது. முதலாம் சார்லஸ் அரசருக்காகக் கர்னல் தாமஸ் பிளாக் அதைக் காத்துநின்றார். ஆக்ஸ்போர்டே சரணடைந்த பிறகும் வாலிங்ஃபோர்டு விடவில்லை; 1646 ஜூலை 27 அன்றுதான் பணிந்தது. இன்னொரு தடவை யாரும் இதற்குள் புகுந்துகொள்ளக் கூடாது என்று 1652-ல் இடிக்க உத்தரவு போட்டார்கள். இன்று கோட்டை என்று தேடிப் போனால் பெரிய மண்குன்றும், ஆழமான அகழிப் பள்ளங்களும், இரண்டு மூன்று துண்டுச் சுவர்களும்தான் கிடைக்கும். கோபுரத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். நிதானமாக அகழிக்குள் இறங்கி நின்று மேலே பார்த்தால்தான் அளவு புரியும்.

செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயமும் அந்தப் போரில் நாசமானது. 1760-களில் மீண்டும் எழுந்தது. பாலத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படும் வெள்ளைக் கூர்கோபுரம் அதனுடையதுதான். கல்லில் ஓட்டை ஓட்டையாகக் குடைந்து, உள்ளே வானம் தெரிகிற மாதிரி கட்டியிருப்பார்கள். அது எழுவதற்கு முனைந்து நின்றவர் வில்லியம் பிளாக்ஸ்டோன். இங்கிலாந்தின் சட்டங்களை முதன்முதலாக ஒழுங்காக விளக்கி நான்கு தொகுதி எழுதிய சட்ட அறிஞர். 1749 முதல் 1770 வரை ஊரின் நீதிப்பொறுப்பில் இருந்தார், 1780-ல் இறந்ததும் அந்தத் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். நம் சினிமா கோர்ட் காட்சிகளில் "ஆயிரம் குற்றவாளிகள் தப்பிக்கலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது" என்று வசனம் வருமே, அந்தக் கருத்தைப் பத்துக் குற்றவாளி, ஒரு நிரபராதி என்ற கணக்கில் எழுதிப் பரவலாக்கியவர் இவர். நம்மிடம் வந்து பத்து ஆயிரமாகிவிட்டது.

இந்தியாவோடு இந்த ஊருக்கு வேறு தொடர்பும் உண்டு, எல்லாம் பெருமைக்குரியதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்தவர்கள் ஊர் திரும்பி நாடாளுமன்றத்தில் இடம் பிடித்த காலத்தில், வாக்காளர் எண்ணிக்கை குறைந்த வாலிங்ஃபோர்டு அவர்களுக்கு வசதியான தொகுதி. வங்காளத்தில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கிய சர் ராபர்ட் பார்க்கர் 1774 முதல் 1780 வரை இதன் உறுப்பினர். காசிம்பஜாரில் பெரும் பணம் சேர்த்த சர் ஃபிரான்சிஸ் சைக்ஸ் 1784 முதல் 1804 வரை. ஆற்றோடு கீழே போனால் சைக்ஸ் கட்டிய பேசில்டன் பார்க் மாளிகையை இன்றும் பார்க்கலாம். அழகான மாளிகைதான், எந்த நாட்டுப் பணம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையில் வந்த பணமும் ஒன்று உண்டு. ஊருக்குத் தென்கிழக்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஸ்டோக் ரோ என்ற மலைக் கிராமம். சுண்ணாம்புக்கல் மலை, பெய்த மழை எல்லாம் உள்ளே இறங்கிவிடும், மேலே குடிக்கத் தண்ணீர் இருக்காது. அந்தப் பகுதியைச் சேர்ந்த எட்வர்டு ரீட் என்ற அதிகாரி காசிப் பக்கம் வேலை பார்த்தபோது தன் ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லியிருக்கிறார்: வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்ட பையனைத் தாய் அடித்த கதை. காசி மகாராஜா அதை நினைவில் வைத்திருந்து, கிணறு வெட்டப் பணம் கொடுத்தார். ஆழம் 368 அடி, முழுக்கக் கையால் வெட்டியது. வேலையை எடுத்துச் செய்தவர்கள் வாலிங்ஃபோர்டின் வைல்டர் வார்ப்படப் பட்டறைக்காரர்கள். 1864 மே 24 அன்று திறந்தார்கள். மேலே குவிமாடம், இறைக்கும் பொறியின் மேல் தங்க நிறத்தில் ஒரு யானை. ஆங்கிலக் கிராமத்து ஓக் மரங்களுக்கு நடுவே அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

ரயில் வந்த கதை சின்னது. பெரிய பாதை ஊரைத் தொடாமல் சோல்சி வழியாகப் போய்விட்டது. 1866-ல் அங்கிருந்து ஒரு கிளைப்பாதை போட்டார்கள், அந்த ரயிலுக்கு ஊரார் வைத்த பெயர் 'பங்க்'. பயணிகள் ரயில் 1959-ல் நின்றது. இப்போது ஆர்வலர்கள் சேர்ந்து குறிப்பிட்ட நாட்களில் பழைய ரயிலை ஓட்டுகிறார்கள்.

அகதா கிறிஸ்டியை நீங்களே குறிப்பிட்டிருந்தீர்கள். அவரும் தொல்லியலாளரான அவர் கணவர் மேக்ஸ் மேலோவனும் 1934-ல் ஊரின் தென்கோடியில் வின்டர்புரூக் வீட்டை வாங்கினார்கள். 1976 ஜனவரி 12 அன்று அங்கேயே இறந்தார். கல்லறை சோல்சி தேவாலயத்தில். ஊரில் அவர் திருமதி மேலோவன்தான். 1951 முதல் இறக்கும்வரை உள்ளூர் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அந்தக் குழு 1856-ல் கட்டிய பழைய தானியச் சந்தைக் கட்டிடத்தை வாங்கி அரங்காக்கி இன்றும் நடத்துகிறது. 2023-ல் கைன்கிராஃப்ட் ஓரத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்த கோலம், பக்கத்தில் நாமும் உட்காரலாம்.

கடைசியாக உங்கள் மகளின் வேலை. எதிர்க்கரை குரோமார்ஷ் கிஃபர்ட் என்ற கிராமம். விதை விதைக்கும் கருவியை 1701-ல் உருவாக்கிய ஜெத்ரோ டல் அங்கேதான் விவசாயம் பார்த்தார். அந்த ஹோபரி பண்ணை நிலத்துக்கு 1951-ல் அரசின் நீரியக்க ஆய்வு நிலையம் வந்தது. துறைமுகம், ஆற்றுவாய், மதகு ஆகியவற்றைச் சிறிய அளவில் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் பெரிய கொட்டகைகள் இருக்கின்றன. நீரியல், சூழலியல் ஆய்வு மையமும் பக்கத்திலேயே. பயிர்நோய் அறிவியலுக்குப் பேர்போன 'காபி' (CABI) நிறுவனத்தின் தலைமையகமும் இந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய பயிர் மருத்துவ முகாம்கள் அவர்களோடு சேர்ந்து செய்தவை. ஆற்றைக் கடக்கத் தோன்றிய ஊர் ஆற்றைப் படிக்கும் ஊராக ஆகியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஊருக்குள் வீடு எடுத்தால் வேலைக்குப் போகத் தினமும் பழைய பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கும். 900 அடி நீளம், 19 வளைவுகள். சில பகுதிகள் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1646 முற்றுகையின்போது நாலு வளைவை எடுத்துவிட்டுத் தூக்குப்பாலம் வைத்தார்கள், 1751-ல்தான் கல்லால் சரிசெய்தார்கள். 1809 வெள்ளத்தில் மூன்று வளைவு பழுதாகித் திரும்பக் கட்டினார்கள். கோடையில் பார்த்தால் ஆறு நாலைந்து வளைவுக்குள் அடங்கிப் போகும், மிச்சமெல்லாம் புல்வெளியில் மாட்டுக்கு நிழல் தரும். எதற்கு இத்தனை நீளப் பாலம் என்று தோன்றும். ஜனவரியில் பார்க்கச் சொல்லுங்கள். புல்வெளி முழுக்கத் தண்ணீர் பரவி, அத்தனை வளைவுக்கும் வேலை வந்திருக்கும். அதிகாலையில் ஆக்ஸ்போர்டு மாணவர்களின் துடுப்புப் படகுகளும் தெரியும். ஊருக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மதகுகளுக்கு நடுவே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாத நீர் என்பதால் பயிற்சிக்கு இங்கே வருகிறார்கள். வானத்தில் வால் பிளந்த பருந்துகள் வட்டமிடும். இங்கிலாந்தில் அடியோடு அழிந்துபோய், 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து பக்கத்து மலைகளில் வளர்த்துவிட்ட பறவை.

பாலம் குறுகல். வண்டிகளைச் சிக்னல் வைத்து ஒருபக்கம் மாற்றி ஒருபக்கம் விடுவார்கள், நடைபாதையும் ஒடுக்கம். குளிர்காலக் காலையில் கல்லில் பனி உறைந்து வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ ஒன்றைச் சென்னையில் வாங்காமல் அங்கே போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.